முட்டை, மூக்கு, மூன்று கேமரா: லூசியின் செட்டுக்குள் ஒரு சுற்று

1951 செப்டம்பர் 8. ஹாலிவுட்டில் ஜெனரல் சர்வீஸ் ஸ்டுடியோ. 'ஐ லவ் லூசி' என்ற புதுத் தொடருக்கு அன்று முதல் ஷூட்டிங். சுமார் முன்னூறு பேர் வந்து இருக்கைகளில் உட்கார்ந்தாயிற்று. கேமராக்களில் ஃபிலிம் ஏற்றியாயிற்று. வாத்தியக் கோஷ்டி சுருதி சேர்த்து முடித்துவிட்டது. அந்த நேரம் பார்த்து சுகாதாரத் துறை ஆள் வந்து நிற்கிறார். பெண்களுக்குப் பக்கத்தில் கழிப்பறை இல்லையே, எப்படி இத்தனை பேரை உள்ளே வைத்து நிகழ்ச்சி நடத்துவீர்கள் என்று கேட்கிறார். எல்லோருக்கும் கை கால் ஓடவில்லை. தேடிப் பார்த்தால், விதிக்குப் பொருந்தும் தூரத்தில் ஒரே ஒரு கழிப்பறைதான் இருக்கிறது. அதுவும் கதாநாயகியின் மேக்கப் அறைக்குள்!

விஷயம் கதாநாயகி லூசில் பால் காதுக்குப் போனது. தாராளமாக வரட்டும், எல்லோரும் என் விருந்தாளிகள் என்று கதவைத் திறந்துவிட்டார். உலகமே பார்த்துச் சிரிக்கப்போகும் தொடர் அன்றைக்குத் தப்பித்தது இப்படித்தான்.

இந்தத் தொடரின் திரைக்குப் பின்னால் நடந்ததையெல்லாம் படிக்கப் படிக்க எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். திரையில் லூசி செய்வதெல்லாம் அந்தக் கணத்தில் தோன்றிய குறும்பு போலத் தெரியும். கொஞ்சம் பின்னால் போய் எட்டிப் பார்த்தால் அளவு நாடாவும் கடிகாரமும் வைத்து வேலை பார்க்கிற ஒரு பட்டறையே இருக்கிறது. வாருங்கள், உள்ளே போவோம். கேபிள் தடுக்கப்போகிறது, பார்த்து வாருங்கள்.

முதலில் அந்தச் சிவப்புத் தலைமுடி. பிறவியில் வந்ததே அல்ல! 1911 ஆகஸ்ட் 6 அன்று நியூயார்க் மாநிலத்து ஜேம்ஸ்டவுனில் பிறந்த லூசிக்குப் பழுப்பு முடிதான். மூன்று வயதில் அப்பாவை டைஃபாய்டு கொண்டுபோனது. பதினைந்து வயதில் நியூயார்க் நகரத்து நாடகப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே சக மாணவி யார் தெரியுமா? பெட்டி டேவிஸ்! லூசியோ வாய் திறக்கவே கூசினார். இந்தப் பெண்ணுக்கு நடிப்பு வராது, பணத்தை வீணாக்காதீர்கள் என்று பள்ளி அவரை வீட்டுக்கே அனுப்பிவைத்தது. பிறகு துணிக்கடை மாடல், சிகரெட் விளம்பரப் பெண். 1933இல் 'ரோமன் ஸ்கேண்டல்ஸ்' படத்தில் அழகிகள் கூட்டத்தில் ஒருத்தியாக ஹாலிவுட் வந்து சேர்ந்தார். அந்தப் படத்துக்காகப் புருவத்தை மழித்தார்கள். அது திரும்ப முளைக்கவே இல்லை. பிற்காலத்தில் நாம் பார்த்து ரசித்த அந்த வியப்புப் புருவங்கள் ஒவ்வொரு நாளும் பென்சிலால் வரைந்தவை.

அடுத்து சின்னச் சின்னப் படங்கள், ஏராளமாக. ஆர்கேஓ ஸ்டுடியோவில் 'பி' படங்களின் ராணி என்று பெயர் வாங்கினார். ராணி என்றாலும் நட்சத்திரம் ஆகவில்லை. எம்ஜிஎம்முக்குப் போனபோதுதான், 1943இல் வந்த 'டு பாரி வாஸ் எ லேடி' என்ற வண்ணப்படத்துக்காக அந்த நெருப்புச் சிவப்பு தலையில் ஏறியது. அதைவிடப் பெரிய வரவு ஒன்றும் எம்ஜிஎம்மில் கிடைத்தது: பஸ்டர் கீட்டன். மௌனப் பட மேதை. அப்போது அந்த ஸ்டுடியோவில் நகைச்சுவைக் காட்சிகளுக்கு யோசனை சொல்லும் வேலையில் இருந்தார். உன் கையில் இருக்கும் பொருளை நீயே சரிபார், அதோடு பழகு, அது எப்படி நடந்துகொள்ளும் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவரிடம் லூசி கற்ற பாடம். இந்தப் பாடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் அத்தனை கலாட்டாவுக்கும் அதுதான் அஸ்திவாரம்.

1940இல் ஒரு படப்பிடிப்பில் டெசி ஆர்னாஸைச் சந்தித்தார். கியூபாவில் பிறந்த பாடகர், இசைக்குழுத் தலைவர், ஆள் அசத்தல். அந்த நவம்பரிலேயே ஓடிப்போய்க் கல்யாணம். அப்புறம் ஆரம்பித்தது பிரிவு. அவர் இசைக்குழுவோடு ஊர் ஊராகச் சுற்ற, இவர் ஹாலிவுட்டில் தனியாக இருந்தார்.

1948இல் சிபிஎஸ் வானொலியில் 'மை ஃபேவரிட் ஹஸ்பண்ட்' தொடர். அதைத் தயாரித்த ஜெஸ் ஓப்பன்ஹைமர் ஒரு காரியம் செய்தார். லூசி மைக் முன்னால் நின்று வசனத்தை அப்படியே வாசிக்கிறார், உடம்பு அசையவில்லை என்று கவனித்து, நகைச்சுவை நடிகர் ஜாக் பென்னியின் வானொலி நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அரங்கத்தில் இருப்பவர்களுக்காகப் பென்னி முகத்தாலும் கையாலும் என்னென்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டுத் திரும்பிய லூசி, அடுத்த வாரத்திலிருந்து வேறு ஆளாகிவிட்டார்.

சிபிஎஸ் அந்தத் தொடரைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவர நினைத்தபோது லூசி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: என் புருஷனாக என் புருஷன்தான் நடிக்க வேண்டும். கியூபா உச்சரிப்புள்ள ஆளை அமெரிக்கப் பெண்ணின் கணவனாக மக்கள் ஏற்றுக்கொள்வார்களா என்று நிறுவனம் தயங்கியது. சரி, மக்களையே கேட்டுவிடுவோம் என்று இருவரும் 1950 கோடையில் மேடை மேடையாகப் போய் நடித்துக் காட்டினார்கள். பெப்பிட்டோ என்ற ஸ்பானியக் கோமாளி சொல்லிக்கொடுத்த வித்தைகளை லூசி செய்ய, மக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். 1951 மார்ச் 2, டெசியின் பிறந்தநாள், அன்றைக்கு முன்னோட்ட எபிசோடைப் படமாக்கினார்கள். லூசி தொளதொள கோமாளி உடையில் துள்ளுகிறார். உடை ஏன் அவ்வளவு தொளதொள? அப்போது அவர் கர்ப்பிணி! மகள் லூசி அந்த ஜூலையில் பிறந்தாள். அந்த முன்னோட்டம் பல்லாண்டு காலம் காணாமல் போயிருந்து, பெப்பிட்டோவின் மனைவியிடமிருந்து கிடைத்து, 1990இல்தான் ஒளிபரப்பானது.

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த கட்டம். ஸ்பான்சர் ஃபிலிப் மாரிஸ் சிகரெட் நிறுவனம். நியூயார்க்கிலிருந்து நேரலையாக நடத்துங்கள் என்றது. அந்தக் காலத்து வழக்கம் அது. நேரலை எட்டாத ஊர்களுக்கு, டிவி திரையையே ஒரு ஃபிலிம் கேமராவால் படம்பிடித்து, மங்கலான பிரதியாக அனுப்புவார்கள். லூசியும் டெசியும் மறுத்தார்கள். வீடு கலிபோர்னியாவில் இருக்கிறது, இங்கேயே நல்ல 35 மி.மீ. ஃபிலிமில் எடுக்கிறோம் என்றார்கள். செலவு கூடுமே? அதற்காக வாரத்துக்கு 1,000 டாலர் சம்பளத்தைக் குறைத்துக்கொள்கிறோம், பதிலுக்கு அந்த ஃபிலிம்கள் எங்களுக்குச் சொந்தமாக வேண்டும் என்று டெசி பேரம் பேசினார். ஒருமுறை ஒளிபரப்பான பழைய ஃபிலிமை வைத்துக்கொண்டு இவர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்று நினைத்ததோ என்னவோ, சிபிஎஸ் சம்மதித்தது. அடடா! மறுஒளிபரப்பு என்ற தங்கச் சுரங்கத்தை வாரம் ஆயிரம் டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

ஃபிலிமில் எடுக்க வேண்டும், பார்வையாளர்களும் எதிரே இருக்க வேண்டும். ஏனென்றால் ஆள் எதிரே இருந்தால்தான் லூசிக்குத் தீப்பிடிக்கும். இதை ஒளிப்பதிவு செய்ய யாரைப் பிடித்தார்கள்? கார்ல் ஃப்ராய்ண்டை! 'மெட்ரோபோலிஸ்', 'டிராகுலா' எடுத்த அந்த மகா கலைஞரை, வீட்டு ஹால் காமெடிக்கு! மூன்று கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் விளக்கை மாற்ற வழியில்லை. அவர் விளக்குகளைத் தலைக்கு மேலே ஏற்றித் தொங்கவிட்டு, எந்தப் பக்கம் திரும்பினாலும் முகம் தெளிவாக விழும்படி ஒரே சீரான ஒளியைப் பரப்பினார். தரை முழுக்கக் கேமராக்கள் ஓட இடம் கிடைத்தது. கறுப்பு வெள்ளையில் திட்டமான அளவு வேண்டும் என்பதற்காக செட் முழுவதும் சாம்பல் நிறத்தின் பல சாயல்களில் வண்ணம் பூசினார்கள். அப்படிச் சாம்பல் பூசிய வீட்டுக்குள்தான் அந்தச் செக்கச்சிவந்த தலை ஓடிக்கொண்டிருந்தது. டிவியில் பார்த்த யாருக்கும் அந்தச் சிவப்பு தெரியவில்லை, இருந்தும் அவருடைய தலை சிவப்பு என்று அமெரிக்காவுக்கே தெரியும்!

மூன்று கேமரா ஃபிலிமையும் ஒன்றாகப் பார்த்து வெட்டி ஒட்ட, எடிட்டர் டான் கான் தலைமையில் பல திரைகள் கொண்ட ராட்சச எடிட்டிங் இயந்திரம் ஒன்றை வைத்திருந்தார்கள். தொடக்கத்தில் வரும் குச்சி மனிதக் கார்ட்டூன், 'டாம் அண்ட் ஜெர்ரி' படைத்த ஹன்னா–பார்பேரா கைவண்ணம். அதில் லூசியும் டெசியும் பெரிய சிகரெட் பெட்டி மேலே ஏறி விளையாடுவார்கள். இன்று நமக்குப் பழகிப்போன சாட்டின் துணி இதயம் பின்னால் மறுஒளிபரப்புக்காக ஒட்டப்பட்டது.

சரி, ஒரு எபிசோட் எப்படிப் பிறந்தது? மேடலின் பியூ, பாப் கரோல் ஜூனியர், ஓப்பன்ஹைமர் மூவரும் கதை பிடிப்பார்கள். லூசி எதில் மாட்டிக்கொள்ளப்போகிறாரோ அதை முதலில் மேடலின் செய்து பார்ப்பார். ஆம், எழுத்தாளரே! ஒரு பெண்ணால் இதைச் செய்ய முடியுமா என்று நிச்சயப்படுத்திக்கொள்ளத்தான். ஒற்றைச் சக்கர சைக்கிளை ஓட்டிப் பார்த்து நேரே போய்ச் சுவரில் மோதினார். அந்த யோசனையை அன்றோடு கைவிட்டார்கள். லூசியின் உடல் அசைவுகளை ஸ்கிரிப்டில் பெரிய எழுத்தில், வரி வரியாக, எந்தக் கை எப்போது எங்கே போகிறது என்பதுவரை தட்டச்சு செய்வார்கள். பக்கமே கறுத்துத் தெரியும். அதனால் குழுவுக்குள் அதற்குப் 'கறுப்புச் சரக்கு' என்று பெயர்.

முகபாவங்களுக்கும் சங்கேதப் பெயர்கள் இருந்தன! ஸ்கிரிப்டில் 'லைட் பல்ப்' என்று இருந்தால் லூசிக்கு ஒரு விபரீத யோசனை உதிக்கிறது என்று பொருள். 'பட்லிங் அப்' என்றால் கண்ணில் நீர் முட்ட வேண்டும், இதோ அழப்போகிறேன் என்கிற நிலை. 'கிரெடென்ஷியல்ஸ்' என்றால் வாயைப் பிளந்து, உனக்கு எவ்வளவு தைரியம் என்ற பார்வை. உதட்டை இழுத்து 'ஈஈஈவ்' என்று முகம் சுளிப்பாரே, அது 'ஸ்பைடர்'. வானொலிக் காலத்தில் ஒரு ஜெல்லி விளம்பரத்துக்காகச் சிலந்தியைக் கண்டு மிரளும் குழந்தையாக நடித்தபோது பிறந்த முகம். எழுத்தாளர்கள் 'ஸ்பைடர்' என்று ஒரே வார்த்தை எழுதிவிட்டால் போதும், மீதியை லூசி பார்த்துக்கொள்வார்.

சில நாள் ரிகர்சல், பிறகு பார்வையாளர்கள் முன் ஷூட்டிங். முதலில் டெசி வெளியே வந்து ஜோக் சொல்லிக் கூட்டத்தைச் சூடேற்றுவார். நடிகர்களை ஒவ்வொருவராக அழைத்து அறிமுகம் செய்வார். பிறகு நம்மூர் சபா நாடகம் போல, முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சிவரை முடிந்தவரை நிறுத்தாமல் ஒரே ஓட்டம். கூட்டத்தின் சிரிப்பு ஆறிவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம்.

தொடரில் லூசி தம்பதியின் வீட்டுக்காரர் ஃபிரெட், அவர் மனைவி எத்தல். திரையில் சண்டைக்கோழித் தம்பதி. திரைக்குப் பின்னாலும் அப்படியே! ஃபிரெட்டாக நடித்த வில்லியம் ஃப்ராலி 1887இல் பிறந்தவர், எத்தலாக நடித்த விவியன் வான்ஸ் 1909இல் பிறந்தவர். அப்பா வயதுள்ளவருக்கு என்னை மனைவியாக்கிவிட்டார்களே என்று வான்ஸுக்கு மனத்தாங்கல். அது ஃப்ராலி காதில் விழுந்தது. அதன் பிறகு இருவருக்கும் ஏழாம் பொருத்தம்தான். ஃப்ராலி குடிப்பவர் என்று சிபிஎஸ் எச்சரித்திருந்தது. குடியால் வேலை கெட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று டெசி நேருக்கு நேர் சொல்லியே சேர்த்துக்கொண்டார். மனிதர் வாக்கைக் காப்பாற்றினார். அவர் பங்குக்கும் ஒரு நிபந்தனை போட்டார் பாருங்கள்: நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் உலகத் தொடருக்குள் நுழைந்தால் தனக்கு லீவு வேண்டும் என்று! அந்த வருடங்களில் யாங்கீஸ் உலகத் தொடருக்குப் போய்க்கொண்டே இருந்தது.

இனி அந்தக் காட்சிகள். 1952 மே மாதம் வந்த 'வைட்டாமீட்டாவெஜமின்' டானிக் விளம்பரம் நினைவிருக்கிறதா? ஒவ்வொரு டேக்குக்கும் ஒரு ஸ்பூன் குடித்து, அதிலிருக்கும் ஆல்கஹால் தலைக்கேறி, அந்தப் பெயரையே நாக்கு முறுக்கிக்கொள்ளும் காட்சி. பாட்டிலுக்குள் இருந்தது ஆப்பிள் பெக்டின். எத்தனையாவது ஸ்பூனில் எந்த எழுத்து குழற வேண்டும் என்பதுகூடத் திட்டமிட்ட போதை அது.

அதே ஆண்டு செப்டம்பரில் சாக்லேட் தொழிற்சாலை. உடன் நடித்த பெண்மணி நிஜமாகவே சாக்லேட் தோய்க்கும் தொழிலாளி. லூசி அவர் முகத்தில் அடிக்க, அவர் திருப்பி அடிக்க வேண்டும். ரிகர்சலில் தயங்கித் தயங்கித் தொட்டவர், ஷூட்டிங்கில் ஒரு அறை விட்டார் பாருங்கள்! லூசியின் கண்ணில் பொறி பறந்திருக்கும். ஆனால் காட்சியை நிறுத்தவில்லை; நிறுத்தினால் இன்னொரு அறை வாங்க வேண்டுமே! 1956இல் இத்தாலியத் திராட்சைத் தொட்டி எபிசோடிலும் இதே கதைதான். உடன் மிதித்த பெண் சண்டைக் காட்சியில் தன்னை நிஜமாகவே திராட்சைக் கூழுக்குள் அமுக்கிப் பிடித்துவிட்டதாகவும், மூச்சு முட்டிப்போனதாகவும் லூசி பிற்பாடு பல பேட்டிகளில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கவைத்தார்.

1955இல் நடிகர் வில்லியம் ஹோல்டன் விருந்தினர். தன்னை அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று லூசி பசையால் செய்த நீள மூக்கை ஒட்டிக்கொண்டு வருகிறார். ஹோல்டன் சிகரெட் பற்றவைக்கும்போது மூக்கு நுனியில் தீப்பிடிக்கிறது! நிஜத் தீ. மூக்குக்குள் மெழுகுவர்த்தித் திரியை வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் வயிற்றில் புளி கரைக்க, லூசி அலட்டிக்கொள்ளாமல் காப்பிக் கோப்பையை இரு கையாலும் தூக்கி மூக்கை அதில் முக்கி அணைத்தார். கோப்பையைத் தூக்கியது அந்த நொடியில் அவருக்கே தோன்றியது என்கிறார்கள் எழுத்தாளர்கள். கீட்டனின் மாணவி அல்லவா!

அதே ஆண்டு மே மாதம் ஹார்ப்போ மார்க்ஸ் வந்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல ஒருவரை ஒருவர் அப்படியே நகலெடுக்கும் காட்சி. 1933இல் 'டக் சூப்' படத்தில் மார்க்ஸ் சகோதரர்கள் செய்தது. ஹார்ப்போ தோன்றியதைத் தோன்றியபடி செய்து பழகியவர். லூசியோ இம்மி பிசகாமல் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பவர். இரு மேதைகள், இரு வழிகள். திரையில் பார்த்தால் இருவரும் ஒரே மூச்சில் அசைகிறார்கள்.

1952இல் லூசி மறுபடி கர்ப்பம். நாற்காலிக்குப் பின்னால் நிற்கவைத்து மறைத்துவிடலாமே என்று ஸ்பான்சர் தரப்பிலிருந்து யோசனை வந்தது. டெசி நேரே ஃபிலிப் மாரிஸ் தலைவருக்குக் கடிதம் எழுத, அந்தக் கியூபாக்காரரைச் சீண்டாதீர்கள் என்று தலைவர் தன் ஆட்களுக்குக் காரசாரமாக ஒரு குறிப்பு அனுப்பினார். அதோடு வாய் மூடிக்கொண்டார்கள். கர்ப்பிணி என்ற சொல்லை மட்டும் உச்சரிக்கக் கூடாது. ஒவ்வொரு ஸ்கிரிப்டையும் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், ஒரு புராட்டஸ்டன்ட் போதகர், ஒரு யூத ரபி மூவரும் படித்துப் பார்த்துத் தலையசைத்தார்கள். கணவனுக்கு அந்தச் செய்தி தெரியவரும் காட்சியை எடுத்தபோது டெசிக்கு நிஜமாகவே தொண்டை அடைத்துக் கண் கலங்கியது. லூசியும் அழுதுவிட்டார். வேறு டேக்கும் எடுத்தார்கள். ஆனால் கடைசியில் அந்த அழுகையைத்தான் ஒளிபரப்பினார்கள். இன்று பார்த்தாலும் எனக்கு உள்ளே ஏதோ செய்கிறது.

1953 ஜனவரி 19. காலையில் சிசேரியனில் மகன் டெசி ஜூனியர் பிறந்தான். அன்றிரவே தொடரில் லூசியின் மகன் குட்டி ரிக்கி பிறந்தான். கதையில் ஆண் குழந்தை என்று முன்பே முடிவு செய்து படமாக்கியாகிவிட்டது, நிஜத்திலும் ஆணே! 4 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள். மறுநாள் அதிபர் ஐசனோவர் பதவியேற்பைப் பார்த்தவர்கள் 2 கோடியே 90 லட்சம் பேர்.

அதே ஆண்டு செப்டம்பரில் ஓர் இடி. 1936இல் தாத்தாவைத் திருப்திப்படுத்த லூசி கம்யூனிஸ்ட் கட்சி வாக்காளராகப் பதிந்தது பத்திரிகைகளில் வெடித்தது. அந்தக் காலத்தில் பிழைப்பே போயிருக்கும். அன்றைய ஷூட்டிங்குக்கு முன் டெசி பார்வையாளர்களிடம் நேரடியாகப் பேசினார். இவளிடம் சிவப்பு என்றால் தலைமுடி ஒன்றுதான், அதுவும் அசல் இல்லை என்றார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

1957இல் தொடர் முடிந்தது. அதுவரை 180 எபிசோடுகள். அந்த ஆண்டே லூசியும் டெசியும் ஆர்கேஓ ஸ்டுடியோவை 61.5 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். லூசியைச் சின்னப் படங்களில் வைத்திருந்த, இருவரும் சந்தித்துக்கொண்ட அதே ஆர்கேஓ! கல்யாணம்தான் நிலைக்கவில்லை. தொடர்ந்து வந்த ஒரு மணி நேர நிகழ்ச்சிகளின் கடைசி ஷூட்டிங் 1960 மார்ச் 2இல் நடந்தது. முன்னோட்டம் எடுத்துச் சரியாக ஒன்பது ஆண்டு, மறுபடி டெசியின் பிறந்தநாள். முத்தத்தோடு காட்சி முடிந்தது. மறுநாள் விவாகரத்து மனு. 1962இல் ஸ்டுடியோவில் டெசிக்கிருந்த பங்கை வாங்கி, பெரிய தொலைக்காட்சி ஸ்டுடியோ ஒன்றை நடத்திய முதல் பெண் ஆனார் லூசி. 'ஸ்டார் ட்ரெக்', 'மிஷன் இம்பாசிபிள்' இரண்டும் அவர் தலைமையில் இருந்தபோது அந்த ஸ்டுடியோவில் பிறந்தவை. 1967இல் 1.7 கோடி டாலருக்கு விற்றார். 1989 ஏப்ரல் 26இல் காலமானார்.

முட்டைக் கதையைக் கடைசிக்கென்றே வைத்திருந்தேன். 1957 மார்ச் 11இல் வந்த டாங்கோ எபிசோட். கோழிப் பண்ணைக் குழப்பத்தில் லூசி சட்டைக்குள் முட்டைகளைப் பதுக்கியிருக்கிறார். கணவன் வந்து, வா டாங்கோ ஆடிப் பார்ப்போம் என்கிறான். எல்லாவற்றையும் நூறு தடவை ஒத்திகை பார்க்கும் லூசி இந்த ஒன்றை மட்டும் நிஜ முட்டையோடு ஒத்திகை பார்க்க மறுத்துவிட்டார். உடையும்போது உடம்பில் எப்படி இருக்கும் என்று தனக்கே அப்போதுதான் தெரிய வேண்டுமாம். சுழற்றி, இழுத்து, மார்போடு மார்பு மோத... அவ்வளவுதான்! சட்டைக்குள் வழியும் முட்டையோடு லூசி அசையாமல் நிற்கிறார். அரங்கம் 65 விநாடி சிரித்தது. தொடர் வரலாற்றிலேயே நீளமான சிரிப்பு. எடிட்டிங்கில் கொஞ்சம் வெட்ட வேண்டியதாயிற்று.

பழைய எபிசோடுகள் எங்காவது கண்ணில் பட்டால் அந்தக் கூட்டச் சிரிப்பைக் காது கொடுத்துக் கேளுங்கள். லூசி வம்பில் மாட்டப்போகிறார் என்று தெரிந்த நொடியில், 'அ–ஓ!' என்று ஒரு பெண் குரல் பதறும். அது லூசியின் அம்மா டிடி! ஷூட்டிங் தவறாமல் வந்து உட்கார்ந்திருப்பார். கதை முழுக்கத் தெரிந்திருந்தும், ஒவ்வொரு முறையும் பெண்ணுக்காக அப்படிப் பதறினார்.